பேயாண்டி கேட்ட கேள்வி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ் ஓட்டுகிறவனுக்கு இது ஆகாது என்று டெப்போவில் எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் பதினைந்து வருடமாக மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவே ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நான் கை நீட்டி அடித்த ஆள் ஒருவன்தான். அவன் என் தங்கையின் புருஷன், கண்டக்டர் பேயாண்டி. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவனைத் திட்டுவதற்காகச் சொல்கிறேனா, அவனுக்காக அழுவதற்காகச் சொல்கிறேனா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

எழுபத்து மூன்றில் அவன் என் வண்டிக்குக் கண்டக்டராக வந்தான். ஒல்லியான ஆள், பெரிய மீசை. அந்த மீசை இல்லாவிட்டால் அவனைப் பள்ளிக்கூடத்துப் பையன் என்றே நினைப்பார்கள். வந்த மூன்றாம் நாள் நாகமலை தாண்டும்போது ஒற்றை விசில் அடித்தான். ஒற்றை விசில் என்றால் நிறுத்த வேண்டும், ரெட்டை விசில் என்றால் கிளப்ப வேண்டும். நிறுத்தினேன். இறங்க ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தால் இவன் ஒரு பொம்பளை முன்னால் நிற்கிறான். அவள் மடியில் ஒரு சின்னப் பையன் முதுகை வளைத்து அழுதுகொண்டிருக்கிறான்.

"எம்புள்ளய நான் அடிக்கிறேன், ஒனக்கென்னய்யா வந்துச்சு?" என்றாள் அவள்.

"அடிங்கத்தா. கீழ எறங்கி நின்னு அடிங்க. வண்டி நிக்கும்," என்றான் பேயாண்டி.

பின் சீட்டிலிருந்து ஒருவர் கோர்ட்டுக்கு நேரமாகிறது என்று கத்தினார். அந்தப் பொம்பளை கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டாள். ரெட்டை விசில் வந்தது.

இது மாதத்துக்கு நாலைந்து தடவை நடக்கும். டீக்கடையில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, ஊர்ப் புள்ளைக்கெல்லாம் நீ வக்கீலா? நாம எப்ப உசிலம்பட்டி போய்ச் சேர்றது?"

"முடியலண்ணே," என்றான். மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டிக்குப் போய்விட்டான்.

இன்னொன்றும் உண்டு. டெப்போ கேண்டீனில் சட்னிக்கு மிளகாய் வறுத்தால் போதும், இலையில் இட்லியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வெயிலில் போய் நின்றுகொள்வான். நாங்கள் தும்மிக்கொண்டே தின்போம். இவன் தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். கேட்டால் இளைப்பு என்பான். நாங்களும் நம்பிவிட்டு, பத்தியக்காரன் என்று பட்டப்பெயர் வைத்தோம். யாராவது கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான். சண்டைக்கு வராத ஆளைக் கேலி செய்வதில் எங்களுக்கு ஒரு சுகம்.

வீட்டில் என் தங்கை சோணையம்மாளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா எங்கள் அம்மாவை அடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். தங்கைக்கு அந்தச் சத்தம் இல்லாத வீடு வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். யாரோ பெற்ற பிள்ளைமேல் கை விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அரசாங்க பஸ்ஸையே நிறுத்துகிறவன், தன் பெண்டாட்டிமேல் கை வைக்க மாட்டான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தாலும் அது தப்பான யோசனையாகத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்யாணம் எழுபத்தைந்து ஆவணியில், அவன் ஊரில் நடந்தது. கருமாத்தூருக்கு உள்ளே இரண்டு மைல் போக வேண்டும். அவனுக்கு அம்மா கிடையாது. அவனுக்கு நாலு வயதாகும்போது காலராவில் போய்விட்டாள். அப்பன் மூணாறு எஸ்டேட்டுக்குப் போனவன், திரும்பவே இல்லை. வளர்த்தது பெரியப்பா நல்லகாமன். ஊரில் நல்ல மரியாதை உள்ள மனிதர். பிள்ளை இல்லாத வீட்டில் தம்பி மகனை வைத்துப் படிக்கவைத்தாரே என்று எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள்.

பந்தியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பேயாண்டி மாலையோடு பக்கத்தில் நின்றான். நல்லகாமன் அவனைக் காட்டிச் சத்தமாகச் சொன்னார்.

"மாப்ள இன்னைக்குக் காக்கிச் சட்ட போடுறான்னா, அது நான் போட்ட மொளகாப் பொகையால வந்தது. சின்னதுல சட்டியத் தொறந்து திங்கிற பழக்கம் இவனுக்கு. பிடரியப் புடிச்சு அடுப்புக்கு மேல குனிய வச்சு, நாலு மொளகாயத் தீயில போட்டம்னா, மூக்குலயும் கண்ணுலயும் ஒழுகும் பாரு. அப்பறம் ஒரு மாசத்துக்குத் தண்ணிச் செம்பக்கூடத் தொட மாட்டான். அப்பிடி வளத்த புள்ள."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மிளகாய்ப் புகை போடுவது புதிதல்ல. ஒரு தடவை, இரண்டு தடவை நானும் வாங்கியிருக்கிறேன். பேயாண்டியைப் பார்த்தேன். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கழுத்து மாலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், நார் தெரிகிற அளவுக்கு. கேண்டீனில் வெயிலில் நிற்பவனையும் இவனையும் அந்த நேரத்தில் நான் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். பாயசம் வந்துவிட்டது, அதில் இறங்கிவிட்டேன். உள்ளே பொம்பளைகளோடு இருந்த தங்கைக்கு இந்தப் பேச்சு தெரியாது. நானும் அவளிடம் சொல்லவில்லை.

பழங்காநத்தத்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு பிடித்தார்கள். அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. இறந்துபோன தன் அம்மாவின் பெயரான செல்லத்தாய் என்பதையே வைத்தான். அப்புறம் அவன் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. பீத்துணி அலசுவான். டூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையோடே தரையில் மல்லாந்து படுத்து, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்வான். நடக்கத் தொடங்கியதும் அது என்ன உடைத்தாலும், எதைக் கொட்டினாலும் ஒரு அதட்டல் கிடையாது. தங்கை எப்போதாவது குரலை உயர்த்தினால் அவன் முகம் வெளுத்துவிடும்.

"இவுக புள்ளய வளக்கலண்ணே, சாமி கும்புடுறாக," என்பாள் தங்கை. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அவன் வீட்டில் இருக்கும்போது மிளகாய் வறுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான். இளைப்புக்காரர் என்று அவளும் குழம்புக்கு அரைத்த தூளையே போட்டாள். ஏன் என்று ஒரு நாளும் தோண்டிக் கேட்கவில்லை.

எண்பத்தொன்று ஆடியில் ஒத்தக்கடையில் ஒரு காதுகுத்துக்குத் தங்கை பிள்ளையோடு போய்வந்தாள். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது நெருங்கியிருந்தது. புதுப் பாவாடையும் ரெட்டைச் சடையுமாக அது ஆடிய ஆட்டத்தை அங்கே வாய் ஓயாமல் புகழ்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்த வீட்டுச் சின்னத்தாய் வந்து பார்த்துவிட்டு, கண்பட்டுப்போச்சு, சுத்திப் போடு என்று சொல்லிவிட்டாள்.

எல்லா வீட்டிலும் செய்வதுதான். கல்லுப்பு, காய்ந்த மிளகாய் ஏழு, மூன்று தெரு கூடுகிற இடத்து மண். பிள்ளையைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, தலையை மூன்று சுற்றுச் சுற்றி, அதை மூன்று தடவை துப்பச் சொல்லி, அடுப்பில் போட வேண்டும். கண்பட்டிருந்தால் நெடி வராது, கண்படவில்லை என்றால் நெடி தூக்கும். பேயாண்டிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் டூட்டி. அதற்குள் நெடி போய்விடும் என்று தங்கை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டே ஆரம்பித்திருக்கிறாள். பாவி மகள், அவ்வளவு யோசித்துத்தான் செய்திருக்கிறாள்.

அன்றைக்கு என் வண்டியில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மத்தியானமே டெப்போவில் விட்டுவிட்டோம். வேறு வண்டியும் கிடைக்கவில்லை. தங்கை கையால் காப்பி குடிக்கலாம் என்று நானும் அவனோடு பழங்காநத்தத்துக்குப் போனேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தெருமுனையில் திரும்பும்போதே நெடி வந்தது. நான் தும்மினேன். அவன் நின்றுவிட்டான். உள்ளேயிருந்து செல்லத்தாய் "வேணாம்மா, வேணாம்மா" என்று கத்துகிற சத்தம். அவன் ஓடினான். வீட்டில் தீப்பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் ஓடினேன்.

நடந்தது இதுதான். பிள்ளை அடம்பிடித்துத் துப்பாமலே இருக்க, தங்கை அதை மறந்து மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டாள். துப்பாமல் போட்டால் பலிக்காதே என்று சின்னத்தாய் சொல்லியிருக்கிறாள். சரி, அடுப்பிலேயே துப்பட்டும் என்று பிள்ளையின் பிடரியில் கை வைத்துத் தலையை அடுப்புப் பக்கமாகக் குனியவைத்திருக்கிறாள். "துப்புத்தா, மூணே மூணு தடவ, எந்தங்கம்ல." பேயாண்டி வாசலில் வந்து நின்றபோது கண்ணில் பட்டது அதுதான். அடுப்பு, புகை, குனிந்த பிள்ளையின் தலை, பிடரியில் ஒரு கை.

பிள்ளையைப் பிடுங்கிப் பின்னால் தள்ளினான். அது வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. என் தங்கையின் கொண்டையைப் பிடித்தான். அவள் முகத்தை அடுப்புக்கு மேலே கொண்டுபோய் அழுத்திக்கொண்டு கேட்டான்.

"எடுப்பியா? இனிமே எடுப்பியா? எடுப்பியா?"

அவள் எதை எடுத்தாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் குரலும் அவன் குரல் இல்லை. கனத்த, வயதான ஆம்பளைக் குரல். சின்னத்தாய் சுவரோடு ஒட்டி நின்று அலறினாள். நான் சுதாரித்துப் பாய்வதற்குள் தங்கையின் இடது கன்னம் அடுப்பின் விளிம்பில் பட்டுவிட்டது. அந்த வாடையை நான் எழுத மாட்டேன்.

அங்கே கிடந்த விறகுக் கட்டையால் அவனை அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அவன் தடுக்கவே இல்லை. மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டான். அடிவாங்கத் தெரிந்தவன் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தான். அதைப் பார்த்த பிறகுதான் கட்டையைக் கீழே போட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் அடுப்பில் தவறி விழுந்துவிட்டேன் என்று தங்கையே சொல்லிக்கொண்டாள். கட்டுப் பிரித்ததும் அவளையும் பிள்ளையையும் செக்கானூரணியில் என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து டெப்போவில் என்னிடம் வந்தான். பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"பிள்ளயப் புடுங்குற வரைக்கும் நாந்தான் மச்சான். அப்பறம் பெரியப்பா கொரல் கேட்டுச்சு. எங்கயிருந்து கேக்குதுன்னு பாத்தேன். என் வாயில இருந்து வருது. அப்ப எனக்கு அஞ்சு வயசு. ஒரு துண்டு கருவாடு எடுத்துத் தின்னேன். பசி. அவரு அந்தக் கேள்வியக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. இனிமே எடுக்க மாட்டேன்னு சொல்லணும். இருமல்ல எனக்குச் சொல்ல வராது. சொல்ற வரைக்கும் விட மாட்டாரு."

"சரிய்யா. ஒம் பெரியப்பன் செஞ்சதுக்கு என் தங்கச்சி என்னய்யா பண்ணுனா?" என்றேன்.

"அதத்தான் நானும் ராத்திரி பகலாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேலேயே கோபமும் வந்தது. எழுந்து போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த வீட்டுக்குள்ள மொளகாயே வாங்கியிருக்க மாட்டனேண்ணே," என்றாள். கல்யாணப் பந்தியில் நான் கேட்டதை அப்போதும் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

அவள் அவனோடு திரும்பிப் போகத் தயாராகத்தான் இருந்தாள். வேண்டாம் என்றது அவன். "அந்தக் கை மறுபடி எப்ப எந்திரிக்கும்னு எனக்கே தெரியல சோணை. தெரியாத கையோட ஒங்க ரெண்டு பேர் பக்கத்துல எப்பிடி இருப்பேன்?" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டான். மேலூர் வண்டிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, அதே வீட்டில் ஒண்டியாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைப் பார்க்க வருவான். அந்தப் பெரிய மீசை தெருவில் தெரிந்ததுமே செல்லத்தாய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொள்ளும். அழாது. அவன் போகிற வரைக்கும் மூச்சே விடாத மாதிரி நிற்கும். ஒரு தடவை அவன் அதை எட்டிப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வருவான். கொடியில் காய்கிற அவள் பாவாடையைப் பார்ப்பான், நோட்டைப் பார்ப்பான், மணி அடிப்பதற்கு முன் போய்விடுவான். ஐந்து வருடம் அப்படியே போயிற்று. அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை அவனிடம் தானாக வந்துவிட்டால் போதும் என்று தங்கை போகாத கோயில் இல்லை.

எண்பத்தாறில் நல்லகாமனுக்குப் பக்கவாதம் வந்தது. பேயாண்டி லீவு போட்டுவிட்டுப் போய், இரண்டு மாதம் பக்கத்திலேயே இருந்தான். பீ மூத்திரம் அள்ளினான், கஞ்சி ஊட்டினான். கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போனேன். அந்த ஆள் வாய் கோணிப் படுத்திருக்கிறார், இவன் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறான்.

"ஒனக்கு ரோசம் இருக்காய்யா?" என்றேன்.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான். "வெஷம் வைக்கணும்னுகூட நெனச்சேன் மச்சான். முடியல. அவரு கண்ணு முழிச்சாலே எனக்குக் கால் நடுங்குது. எங்கிட்ட ஒரு தப்பும் பண்ணாதவ மொகத்தத் தீயில வச்ச கை, இந்த மனுசன்கிட்ட மட்டும் எந்திரிக்கவே மாட்டேங்குது," என்றான்.

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நல்லகாமன் செத்ததும் கொள்ளி வைத்தது அவன்தான், வேறு ஆள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிள்ளையும் வர வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். மூவரும் போனோம். தங்கை உள்ளே பொம்பளைகளோடு போய்விட்டாள். நானும் செல்லத்தாயும் வேலியோரம் நின்றோம். எதிரே மொட்டை அடித்து, மீசையும் எடுத்து, வெற்று மேலோடு ஒருவன் இலைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நெஞ்செலும்பு எண்ணிவிடலாம்.

"மாமா, அது யாரு?" என்று கேட்டது பிள்ளை.

"ஒங்க அப்பாதான்," என்றேன்.

இப்போது ஓடும், ஓடினால் பிடிக்க வேண்டும் என்று தயாராக இருந்தேன். ஓடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு என் விரலை விட்டுவிட்டு நடந்தது. அவன் நிமிர்ந்தான். கையில் இருந்த இலை கீழே விழுந்தது. எழுந்தால் பயந்துவிடுமோ என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை மூன்று அடி தள்ளி நின்றது. பத்து வயது, பாவாடை நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே பேசியது.

"அப்பா, அன்னைக்குச் சீனி டப்பாவுல இருந்து நாந்தான் எடுத்துத் தின்னேன். அம்மா எடுக்கல. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

அவன் தலையை அவள் பக்கம் சாய்த்தான்.

"அப்பறம் நான் சீனி தின்னதே இல்லப்பா. இனிமே எடுக்க மாட்டேன்."

ஐந்து வருடம். நாங்கள் எல்லோரும் அவள் அப்பனைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காப்பியில் சீனி வேண்டாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளை என்று என் பெண்டாட்டி சிரிப்பாள்.

பேயாண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளைத் தொட்டுவிடக் கூடாதே என்று கட்டிக்கொண்டான். "நீ ஒண்ணும் பண்ணலத்தா," என்றான். "எடுக்கலாம். எம்புட்டு வேணும்னாலும் எடுக்கலாம். ஒன்னைய யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

"சரிப்பா," என்றாள். திரும்பி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, போலாமா?"